பச்சை எரியுதா?

20-ஆம் தேதி சாயங்காலம் ஆறேகால் மணி. கணக்கு வேலை பார்க்கிறவர்களிடம் 20-ஆம் தேதி என்று சொன்னாலே முகம் மாறிவிடும். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. பார்ட்டி, அதாவது நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வியாபாரி, அதைத் தன் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ள மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அன்றைக்குக் கடைசியாக மிச்சமிருந்தது ஒரு மாவு மில்லின் ரிட்டர்ன். எண்களைச் சரிபார்த்து, ஓடிபி வந்து, அதைத் தட்டி, பொத்தானை அழுத்திய நொடியில் கரண்ட் போனது. போனது என்று சொல்வதுகூட மிகைதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. டியூப்லைட் ஒருதரம் கண் சிமிட்டியது. ஃபேன் வேகம் குறைந்த மாதிரிகூடத் தெரியவில்லை. ஆனால் டிவி ஸ்டாண்டு மேலே இருக்கிற இரண்டு பெட்டிகள், ஃபைபர் வந்து சேர்கிற ஓஎன்டியும் வைஃபை ரவுட்டரும், அந்த ஒரு சிமிட்டலில் செத்துப் பிழைத்தன. முதலில் பவர் விளக்கு. அப்புறம் ஃபைபர் இணைப்பு கிடைத்ததா என்று காட்டுகிற பான் (PON) விளக்கு விட்டு விட்டு எரிந்து, யோசித்து, நிலைத்தது. அதற்கப்புறம் ரவுட்டர் தன் பங்குக்குச் சோம்பல் முறித்து எழுந்தது. மொத்தம் மூன்றரை நிமிடம். பக்கம் சுற்றிச் சுற்றி மறுபடியும் லாகின் கேட்டது. ரிட்டர்ன் போனதா, போகவில்லையா?

போயிருந்தது. அது எனக்குத் தெரிய இன்னும் இருபது நிமிடம் ஆனது, அது வேறு கதை.

ஊஞ்சலில் இருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "என்னய்யா, நெட்டு போச்சா?"

"ஆமாப்பா."

"ஏன், உங்க கண்ணாடி வயர்ல கரண்டு வராதோ?"

தெரியாமல் கேட்கிற ஆள் இல்லை அவர். குத்திக்காட்டுகிறார். தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி ரூமில். இடுப்பு உயரத்துக்கு 2 வோல்ட் செல்கள், வரிசையாக 24. கூட்டினால் 48 வோல்ட். அந்த 48 வோல்ட்தான் ஊரெல்லாம் உள்ள தொலைபேசிகளுக்குப் போகும். குரல் போகிற அதே இரண்டு செம்புக் கம்பியில் போனுக்கு வேண்டிய கரண்டும் போய்விடும். வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது போனுக்குத் தெரியவே தெரியாது. எக்ஸ்சேஞ்சிலேயே கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும், அதற்குள் என்ஜின் ஆல்டர்னேட்டரை ஓட்டிவிடுவார்கள். மணி அடிக்கும்போது மட்டும் வோல்டேஜ் எகிறும். கம்பியின் உறையைப் பல்லால் கடித்து உரிக்கிற லைன்மேன்கள் அப்போது வாங்கும் அடியைப் பற்றி அப்பாவிடம் நாலைந்து கதை இருக்கிறது. எல்லாக் கதையிலும் அடி வாங்குகிறவர் வேறு யாரோதான்.

2012-ஐ திருநெல்வேலிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்களுக்கு ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியும் அதே கணக்குதான். பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை சுற்றும், வீட்டுக்கு வந்தால் ஃபேன் சுற்றாது. அந்த நாட்களில் எங்கள் ஹாலில் ஒரு சிவப்புத் தொலைபேசியும் பிராட்பேண்ட் மோடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே செம்புக் கம்பி. கரண்ட் போனால் மோடம் செத்துவிடும், தொலைபேசி இருட்டில் ஜம்மென்று மணி அடிக்கும். அந்த வித்தியாசத்தைப் பற்றி நான் அப்போது ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

இப்போது வந்திருக்கிற ஃபைபரில் தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம். வெளிச்சத்தை வைத்துக்கொண்டு பெட்டியை ஓட்ட முடியாது. பெட்டிக்கு வேண்டிய கரண்டை நாம்தான் போட வேண்டும். முன்பு எக்ஸ்சேஞ்சுக்காரர் தலையில் இருந்த பாரம் இப்போது நம் தலைக்கு மாறியிருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருகிற பையன் இதைச் சொல்வதில்லை. சுவரில் ஓட்டை போட்டு, பெட்டியை மாட்டி, "ஸ்பீடு செக் பண்ணிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

சரி, பெட்டிக்குத் தனியாகப் பேட்டரி வேண்டும். நான் முதலில் செய்தது கஞ்சத்தனம். கையில் ஏற்கெனவே ஒரு பவர் பேங்க் இருந்தது. அதன் 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக ஏற்றித் தருகிற ஒரு ஒயரை வாங்கினேன். பவர் பேங்கைச் சார்ஜில் போட்டு, மறுபக்கம் ரவுட்டரை மாட்டினேன். ஓடியது. சோதித்துப் பார்க்க ஸ்விட்சை அணைத்தேன். சார்ஜ் வாங்கிக்கொண்டிருந்த பவர் பேங்க், "ஓ, இனி நான்தான் கொடுக்கணுமா" என்று நிதானமாக யோசித்து மாறுவதற்கு ஒரு நொடி எடுத்துக்கொண்டது. ரவுட்டர் அணைந்து எழுந்தது. மறுபடி மூன்றரை நிமிடம்.

அப்பா இதையும் ஊஞ்சலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்துறதுக்கு ஒரு ஆள் இருந்தாலே கோளாறுதான்யா. எக்ஸ்சேஞ்சில நாங்க எதையும் மாத்த மாட்டோம். பேட்டரி எப்பவும் லைன்லயே கெடக்கும், சார்ஜரும் அதுலயே கெடக்கும். கரண்டு போச்சுன்னா சார்ஜர் நிக்கும், அவ்ளோதான். போனுக்குச் சேதியே போகாது. ஃப்ளோட்டுன்னு பேரு."

ஃப்ளோட்டில் கிடக்கிற சின்னப் பெட்டி கடையில் விற்கிறதா என்று தேடினேன். விற்கிறது. ரவுட்டர் யுபிஎஸ், மினி யுபிஎஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளங்கை அகலம், உள்ளே மூன்றோ நாலோ லித்தியம் செல். ரவுட்டரின் அடாப்டரை இதில் செருகி, இதிலிருந்து ஒரு ஒயரை ரவுட்டருக்குக் கொடுக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போதும் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகவே போவதால் இடைவெளி கிடையாது. கம்ப்யூட்டருக்கு வைக்கிற பெரிய யுபிஎஸ்ஸும் இந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் அது பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கும், அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்கும். எதிர் வீட்டுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் போகிற மாதிரி, வழியிலேயே பாதிப் பெட்ரோல் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கீக் கீக் என்று கத்தும்.

வாங்கப் போகிறவர்கள் அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துக்கொண்டு போங்கள். என் ஓஎன்டிக்கு 12 வோல்ட், 1 ஆம்ப். ரவுட்டருக்கு 12 வோல்ட், 1.5 ஆம்ப். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். 9 வோல்ட் கேட்கிற ரவுட்டர்களும் புழக்கத்தில் இருக்கின்றன, அதற்கு 12 கொடுத்தால் ஆயுள் அதோடு சரி. ஆம்ப் மட்டும் கேட்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரே யுபிஎஸ் என்றால் இரண்டையும் கூட்டி அதற்குத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பின். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், 5.5 மில்லிமீட்டர். உள்ளே இருக்கிற துளைதான் 2.1, 2.5 என்று இரண்டு ஜாதி. எனக்குப் பெட்டியோடு வந்தது பெரிய துளை, ரவுட்டருக்கு வேண்டியது சின்னது. போய் உட்காரும், விளக்கும் எரியும். அம்மா டிவி ஸ்டாண்டில் தூசி தட்டும்போதெல்லாம் நெட் போகும். ஒரு வாரம் நான் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் நாற்பது ரூபாய்ப் பின்னில் முடிந்த விஷயம்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. அட்டையில் 8,000 எம்ஏஹெச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இது கிராஸ் சம்பளம். கைக்கு வருவது வேறு. அந்த 8,000 என்பது செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 29.6 வாட்-அவர். அதை 12 வோல்ட்டுக்கு ஏற்றுவதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும், டிடிஎஸ் மாதிரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். மீதி 25 என்று வைத்துக்கொள்ளலாம். என் இரண்டு பெட்டியும் சேர்ந்து இழுப்பது 10 வாட் சுமார். ஆக இரண்டரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்சை அணைத்துவிட்டு மணி பார்த்தேன். இரண்டு மணி இருபது நிமிடம் ஓடியது. அட்டையில் போட்டிருந்தது ஆறு மணி நேரம். அதுவும் முழுப் பொய் இல்லை, வெறும் நாலு வாட் இழுக்கிற சின்ன ரவுட்டர் ஒன்றை மட்டும் மாட்டினால் ஆறு வரும்.

இதையெல்லாம் வாங்கி, மாட்டி, பெருமைப்பட்டு முடித்த பிறகு வேறு வேலையாக எலெக்ட்ரீஷியன் வந்தார். இன்வெர்ட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை ஏன் நார்மல் மோடுலயே வச்சிருக்கிய? யுபிஎஸ் மோடுக்குத் தள்ளியிருந்தா நெட்டு அணைஞ்சிருக்காதே" என்றார். பின்னால் ஒரு ஸ்விட்ச். மூன்று வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் சட்டென்று மாறும், கம்ப்யூட்டருக்கே தெரியாது. நான் 1,400 ரூபாயைத் தண்டமாகப் போட்டுவிட்டேனோ என்று ஒரு நாள் தூக்கம் வரவில்லை. தள்ளிவிட்டும் பார்த்தேன். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு இறங்கும். யுபிஎஸ் மோடுக்கு அது ஆகாது, கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறிவிடுகிறது. ஒன்பது மணிக்கு நிஜமாகக் கரண்ட் போகும்போது பேட்டரியில் பாதிதான் மிச்சம். ஸ்விட்சைப் பழையபடி தள்ளினேன். 1,400 ரூபாய் வீண் இல்லை என்று நிரூபணம் ஆனதில் வந்த நிம்மதி இருக்கிறதே!

இந்த நிம்மதி அடுத்த பராமரிப்பு நாள் வரைதான். பேப்பரில் போட்டிருந்தார்கள், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை. இன்வெர்ட்டரில் 150 ஏஹெச் பேட்டரி, அதற்குக் கீழே மினி யுபிஎஸ். மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது ஐந்துக்குக் கரண்ட் போனது, எதுவும் அசையவில்லை. பத்தாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓஎன்டியில் சிவப்பு. எல்ஓஎஸ். வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம்.

என் வீட்டில் கரண்ட் இருக்கிறது. எங்கேயோ வேறு யார் வீட்டிலோ தீர்ந்திருக்கிறது.

கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூம் இரண்டு தெரு தள்ளி, ஒரு டயர் கடைக்கு மேலே. வண்டியை எடுத்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கேட்கவில்லை, ஏறிவிட்டார். படி ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பத்தில் ஆங்காங்கே தொங்குகிற அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்கு யார் கரண்ட் கொடுக்கிறார்கள்? அதற்குக் கரண்டே வேண்டாம், அது ஒரு இழையை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்துவிடுகிற ஸ்ப்ளிட்டர், வாய்க்கால் மடை மாதிரி என்றேன். நின்றுவிட்டார். "நடுவுல எங்கேயுமே கரண்டு வேண்டாமா?" வேண்டாம். இந்த முனையில் நம் வீட்டு ஓஎன்டி, அந்த முனையில் எல்லா வீட்டுக்கும் வெளிச்சம் அனுப்புகிற கேபிள்காரரின் ஓஎல்டி, நடுவில் கண்ணாடி மட்டும். "நல்லாத்தான்யா யோசிச்சிருக்கான்" என்றார். அவர் ஃபைபரைப் பாராட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கேபிள் அண்ணாச்சி இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். ஓஎல்டி என்பது பெரிய சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். டிவிடி பிளேயர் கனத்தில் ஒரு பெட்டி, எட்டு துளை. ஒரு துளைக்கு 64 வீடு வரை கொடுக்கலாம். எட்டும் நிரம்பினால் 512 வீடு. அத்தனைக்கும் சேர்த்து அது இழுப்பது ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்ட். அதற்கு அவர் வைத்திருந்தது கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ், உள்ளே 7 ஏஹெச் பேட்டரி. புதிதாக இருந்த காலத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டித் தாங்கியிருக்கும். இது புதிது இல்லை. அப்பா மூடியைக் கழற்றச் சொன்னார். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"ஏ தம்பி, இதை என்னைக்குப் பாத்த?"

"எங்க சார் பாக்கிறது."

கேபிள் அண்ணாச்சி அப்புறம் சொன்னது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. "நான் இருபத்தஞ்சு வருசமா கேபிள் தொழில்ல இருக்கேன் சார். கரண்டு போச்சுன்னா நாங்க வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்குவோம். கரண்டு இல்லாத வீட்டுல எவன் டிவி பாப்பான்? ஆம்ப்ளிஃபயர் அணைஞ்சு கிடந்தாலும் ஒரு போன் வராது. இப்போ என்னடான்னா கரண்டு போன அஞ்சாவது நிமிசம், நெட்டு வரலேன்னு நாப்பது போன் வருது. கரண்டே இல்லியே, எப்படி இவங்க வீட்டுல மட்டும் நெட்டு வேணுங்காங்கன்னு எனக்கு மொதல்ல புரியவே இல்ல."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. டிவி இருக்கிற இடத்தில்தான் கேபிள் வேண்டும், கரண்ட் இருக்கிற இடத்தில்தான் டிவி. அந்தத் தொழிலுக்குப் பேட்டரி தேவைப்பட்டதே இல்லை. அப்பாவின் தொழிலோ பேட்டரியில் இருந்தே ஆரம்பிக்கிறது. இப்போது நம் வீட்டுக்கு வருகிற நெட்டின் ஒரு பகுதி, அப்பா மாதிரி ஆட்கள் போட்ட வழியில் வரவில்லை, கேபிள் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் போட்ட வழியில் வருகிறது. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று ஒருவரை ஒருவர் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்கு மேலே இருந்து லைன் தருகிற இடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, அங்கே கவலை இல்லை. ஓட்டை இந்த டயர் கடை மாடியில்தான். சின்ன இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியும் போட்டால் நாள் முழுக்க ஓடும் என்று அப்பா சுவரிலேயே கரியால் கணக்குப் போட்டுக் காட்டினார். காசுதான் இழுபறி. எங்கள் தெருவில் ஆன்லைன் டியூஷன் எடுக்கிற ஒரு டீச்சரும் நானும் இன்னும் மூன்று பேரும் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பதாகச் சொன்னோம். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, எப்படியும் கட்டப்போகிற காசு. மூன்று வாரத்தில் பேட்டரி வந்தது.

இப்படியெல்லாம் பந்தோபஸ்து செய்துவிட்டு, 2023 டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை ஆரம்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. நாங்கள் பாளையங்கோட்டையில் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் மட்டும் போனது. முதல் ராத்திரியே அப்பா ஃபேன்களை அணைத்து, ஒரு விளக்கை மட்டும் விட்டார். மறுநாள் இன்வெர்ட்டர் கடைசி மூச்சு விட்டது. கேபிள் அண்ணாச்சியின் பேட்டரி அவர் சொன்ன நேரத்தைவிடக் கூடவே உழைத்துவிட்டுத்தான் அணைந்தது. மொபைலிலும் கோடு இல்லை, டவர்களுக்கும் பேட்டரி ஒரு கணக்குதானே. மினி யுபிஎஸ்ஸின் பக்கத்தில் யுஎஸ்பி துளை ஒன்று உண்டு. அதில் மிச்சமிருந்ததை அம்மாவின் போனுக்கு ஏற்றி, அணைத்து, அலமாரியில் வைத்தோம், சிக்னல் வந்தால் தூத்துக்குடியில் இருக்கிற தங்கச்சிக்கு ஒரு வார்த்தை பேச. அந்த மாதத்து 20-ஆம் தேதி எனக்கு ஞாபகமே வரவில்லை. பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி உட்பட ஐந்து மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

இரண்டு வருடத்தில் அந்த மினி யுபிஎஸ் வயிறு உப்பிவிட்டது. குற்றம் என்னுடையது. இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று ரவுட்டருக்கு அடியில், டிவி ஸ்டாண்டின் கதவுக்குள் வைத்திருந்தேன். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் லித்தியம் செல், மேலே சுடுகிற ரவுட்டர். மூடி பிதுங்குவதை அப்பாதான் பார்த்தார். உப்பியதைக் குத்திப் பார்ப்பது, கடைசியாக ஒருதரம் சார்ஜ் போட்டுப் பார்ப்பது எல்லாம் வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, பழைய மின்சாதனம் எடுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். புதியதை வெளியே, காற்றுப் படுகிற மாதிரி, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம்.

அதன் மேல் அப்பா ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, மாட்டிய தேதியை எழுதி வைத்திருக்கிறார். பேட்டரி ரூம் பழக்கம். பழைய டைரி ஒன்றிலும் எழுதுகிறார். கரண்ட் போன மணி, வந்த மணி, நெட் சிவப்பான மணி என்று மூன்று பத்தி. கேபிள் அண்ணாச்சி வசூலுக்கு வரும்போது திண்ணையில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைக் காட்டுவார். அவரும் வாத்தியாரிடம் நோட்டைக் கொடுத்த பையன் மாதிரி பொறுமையாகப் பார்ப்பார். தண்ணீர் ஊற்றினாயா என்று இவர் கேட்பார், போன வாரம்தான் ஊற்றினேன் என்று அவர் சொல்வார், டிஸ்டில்டு வாட்டர்தானே, குழாய்த் தண்ணி இல்லையே என்று இவர் மறுபடி கேட்பார்.

போன மாதப் பராமரிப்பு நாளில் நான் அறைக்குள் ஒரு பார்ட்டியோடு வீடியோ காலில் இருந்தேன். ஃபேன் ஒரு சிமிட்டு சிமிட்டியது. ஊஞ்சல் நின்ற சத்தம் கேட்டது.

"ஏய்யா, பச்சை எரியுதா?"

"எரியுதுப்பா."

டைரியில் அன்றைய தேதிக்கு நேரே 9.04, 4.40 என்று இரண்டு எண். மூன்றாவது பத்தியில் ஒரு கோடு போட்டிருந்தார்.